தீவுக்கு நான் வச்ச பேர்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார், எனக்கு வெயில் ஆகாது. திருச்சிதானே? நானும் திருச்சிதான். என்ன அப்படி உத்துப் பாக்குறீங்க, எங்கேயோ பார்த்த மூஞ்சியா இருக்கா? இருக்கும். பொங்கல் தீபாவளிக்கு டி.வி.யில பட்டிமன்றம் பார்ப்பீங்களா? சொல்லருவி இளவழுதி. நான்தான். சிரிக்காதீங்க, சொல்லருவிங்கிறது நானா வச்சுக்கிட்டது இல்ல, அரியலூர்ல ஒரு தமிழ்ச் சங்கம் குடுத்த பட்டம்.

இல்ல, வேற எதுலயாவது பார்த்தீங்களா? வாட்ஸப்ல? மேடையில நான் பேசுற மாதிரி, ஒரு பொண்ணு எழுந்து ஓடுற மாதிரி? பார்க்கலையா? நல்லது. பார்த்திருந்தாலும் இல்லைன்னுதான் சொல்வீங்க, முகத்தைப் பார்த்தாலே தெரியுது, நாகரிகமான மனுஷன். அதான் உங்ககிட்ட சொல்றேன். யார்கிட்டயாவது சொல்லணும் சார். வீட்ல சொல்ல முடியல, வீட்ல அந்தம்மா என்கூடப் பேசுறதே இல்ல.

நான் இப்ப பட்டிமன்றத்துக்கு அவ்வளவா போறதில்ல. ரெண்டு வருஷமா ஒரு அமைப்புல இருக்கேன், அந்தரங்க உரிமை மன்றம்னு பேரு. அந்தரங்கம்னதும் வேற மாதிரி நினைக்காதீங்க. உங்க போன் பேச்சு, உங்க படம், உங்க கணக்கு வழக்கு, இதையெல்லாம் அரசாங்கமும் கம்பெனிக்காரனும் எட்டிப் பார்க்குறான் பாருங்க, அது கூடாதுன்னு சொல்ற அமைப்பு. நல்ல விஷயம்தானே? உங்க வீட்டு ஜன்னல்ல எவனாவது எட்டிப் பார்த்தா விடுவீங்களா? விட மாட்டீங்க இல்ல. இந்த இடத்துல கைதட்டுவாங்க.

அந்த அமைப்பை நடத்துறவர் நிரஞ்சன்னு ஒரு தம்பி. வெளிநாட்டுல படிச்சுட்டு வந்தவர், ரொம்ப மரியாதை தெரிஞ்ச பிள்ளை. அவங்களுக்குப் பின்னால ஒரு பெரிய கம்பெனி இருக்கு. அது எங்க இருக்குன்னா, நடுக்கடல்ல ஒரு தீவுல. பேர் வேணாம், சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது, எனக்கே வாயில நுழையாது. அந்தத் தீவுல பெரிய பெரிய கம்ப்யூட்டர் கிடங்கு வச்சிருக்காங்க. உலகத்துல யார் எதைக் குடுத்தாலும் வாங்கிப் பத்திரமா வச்சுக்குவாங்க. எந்த ஊர் போலீஸ் கேட்டாலும் யார் குடுத்தான்னு சொல்ல மாட்டாங்க. எந்த ஊர் கோர்ட் உத்தரவு போட்டாலும் அழிக்க மாட்டாங்க. அதுதான் அவங்க தொழில். அதை நம்ம ஜனங்களுக்குப் புரியிற மாதிரி மேடையில சொல்றதுதான் என் வேலை.

எனக்கு முன்னாடி யாரோ ஒரு ஆளு இங்கிலீஷ்ல ‘டேட்டா ஹேவன்’னு இருந்ததை அப்படியே தமிழ்ல மாத்தி, ‘தரவு சொர்க்கம்’னு பேனர் அடிச்சுக் கும்பகோணத்துல கட்டியிருக்கான். ஹேவன்னா புகலிடம் சார், ஹெவன்தான் சொர்க்கம். அதுகூடத் தெரியல. என்ன ஆச்சுன்னு நினைக்கிறீங்க? கூட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஆளு வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்து, ‘சார், வண்டி எப்ப வரும், வீட்ல எல்லாம் ரெடியா இருக்கு’ன்னு கேட்டிருக்கார். சொர்க்க ரதம்னு நினைச்சுட்டார்! பிணம் எடுத்துட்டுப் போற வண்டி! நிரஞ்சன் தம்பி எனக்கு இதைச் சொன்னப்போ நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்.

அப்புறம் நான்தான் சார் அந்தச் சொல்லைக் குடுத்தேன். அடைக்கலம். யோசிச்சுப் பாருங்க, என்ன சொல்லு! அடைக்கலம்னு வந்து கையைப் பிடிச்சுட்டா, உயிரே போனாலும் காட்டிக்குடுக்காத பூமி இது. அந்தச் சொல்லைச் சொன்ன உடனே நம்ம ஆளுங்களுக்கு ரத்தத்துல ஒரு சூடு ஏறும். ‘அது தீவு அல்ல, அடைக்கலம். அடைக்கலம் என்று வந்தவரை அங்கே கைவிட மாட்டார்கள், காட்டிக்கொடுக்க மாட்டார்கள்!’ இப்படி நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, கூட்டத்தைப் பார்ப்பேன். மண்டபமே அதிரும். நிரஞ்சன் தம்பி முதல் தடவை கேட்டுட்டு எழுந்து வந்து கட்டிப்பிடிச்சுக்கிட்டார். தீவுக்காரங்களுக்கே மொழிபெயர்த்து அனுப்பினாராம், அவங்களும் அசந்துட்டாங்களாம்.

பேச்சுல ஒரு பத்திரிகைக்காரப் பொண்ணைக் கொண்டு வருவேன். மணல் கொள்ளையப் பத்தி எழுதுறா, ரவுடிங்க துரத்துறாங்க, அவ ஆதாரத்தையெல்லாம் தீவுக்கு அனுப்பிடுறா, அங்க பத்திரமா இருக்கு. அப்படி ஒரு பொண்ணு உண்டான்னு கேட்காதீங்க. மேடைக்கு ஒரு முகம் வேணும் சார். முகம் இல்லாம எவனும் கேட்க மாட்டான். ஒரு நாள் நானே தம்பிகிட்ட கேட்டேன், ‘ஏம்ப்பா, நிஜமாவே அங்க யார் யாரு என்னென்ன வச்சிருக்காங்க?’ன்னு. அவர் சிரிச்சுக்கிட்டே, ‘அதைக் கேட்காம இருக்குறதுதான் சார் நம்ம கொள்கை’ன்னார். எவ்வளவு அழகா சொன்னார் பாருங்க. அதையும் பேச்சுல சேர்த்துக்கிட்டேன்.

இந்த மாசியில லால்குடியில ஒரு கூட்டம் போட்டாங்க. கல்யாண மண்டபம், நல்ல கூட்டம், மதியம் சாப்பாடும் உண்டு. நான் பேசி முடிச்சாச்சு, கேள்வி நேரம். பின் வரிசையில இருந்து ஒரு அம்மா எழுந்தாங்க. பேரு சொல்லுங்கம்மான்னேன். ‘அடைக்கலமேரி ஐயா’ன்னாங்க. எப்படி இருக்கும் எனக்கு? மணிக்கணக்கா அடைக்கலம் அடைக்கலம்னு கத்தியிருக்கேன், இந்தம்மா பேரே அடைக்கலமேரி. அந்தப் பக்கம் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயில் இருக்குல்ல, அங்க வேண்டிக்கிட்டுப் பேர் வைப்பாங்க. நான் விடுவேனா, ‘பார்த்தீங்களா, அடைக்கலமே நம்மைத் தேடி வந்துடுச்சு!’ன்னேன். ஒரே சிரிப்பு, ஒரே கைதட்டல். அந்தம்மா சிரிக்கல. அப்பவே நான் உஷாராகியிருக்கணும்.

அவங்க கேட்டாங்க, ‘ஐயா, எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணோட படத்தை ஒருத்தன் எடுத்துப் போட்டுட்டான். பார்க்கக் கூடாத படம். எல்லா இடத்துலயும் எழுதிக்குடுத்து எடுக்க வச்சாச்சு. உங்க தீவுல இருக்கிற ஒரு இடத்துல மட்டும் எடுக்க மாட்டேங்குறாங்க. அங்கேருந்து காப்பி பண்ணித் திரும்பத் திரும்பப் போடுறாங்க. போலீஸ்ல கேட்டா, தீவுக்கு எழுதினோம் பதிலே இல்லைங்குறாங்க. அடைக்கலம்னா ஓடி வந்தவங்களுக்குத்தானே ஐயா? துரத்தினவனுக்கும் அதே வீட்டுல இடம் குடுத்தா, ஓடி வந்தவ எங்க போவா?’

மண்டபம் கப்சிப்னு ஆயிடுச்சு. சார், நீங்க மேடை ஏறினதில்ல, உங்களுக்குத் தெரியாது. அந்த மாதிரி மௌனம் வந்தா உடனே உடைக்கணும். உடைக்கலைன்னா பேச்சாளன் செத்தான். நான் உடைச்சேன். ‘அம்மா, கதவைத் திறந்து போட்டுத் தூங்கிட்டு, திருடன் வந்துட்டான்னு ஊர் மேல கோபப்பட்டா எப்படிம்மா?’ன்னேன். சிரிச்சாங்க சார். சத்தியமா சொல்றேன், எல்லாரும் சிரிச்சாங்க. இன்னிக்கு என்னைத் திட்டுறானே, அதே ஆளுங்க அன்னிக்குச் சிரிச்சான்.

அந்தம்மா நின்னுக்கிட்டே இருந்தாங்க. நான் சும்மா, ஒரு ஓட்டத்துல, பட்டிமன்றப் பழக்கம் பாருங்க, எதிரணியைச் சீண்டுற மாதிரி, ‘சரி, யாரும்மா அந்தத் தெரிஞ்ச பொண்ணு? பக்கத்துலயே உக்காந்திருக்காங்களோ?’ன்னேன். இதுல என்ன சார் இருக்கு? பேச்சு வழக்குல வர்றதுதானே?

பக்கத்துலயே உக்காந்திருந்துச்சு சார் அந்தப் பொண்ணு. துப்பட்டாவைத் தலையில போட்டுக்கிட்டு, குனிஞ்சபடி. மொத்த மண்டபமும் திரும்பிப் பார்த்துச்சு. அது எழுந்து, நாற்காலியெல்லாம் தட்டிவிட்டுக்கிட்டு வாசலுக்கு ஓடுச்சு. செருப்பு ஒண்ணு அங்கேயே கிடந்துச்சு. ஒருத்தன் போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறான், எனக்கு மேடையில இருந்து நல்லாத் தெரியுது. நான் எப்படி சார் கண்டேன்? தெரிஞ்ச பொண்ணுன்னுதானே சொன்னாங்க. என் பொண்ணுன்னு சொல்லியிருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்ல? மறைச்சுப் பேசினது அவங்க.

பேர் சொல்லக் கூடாது. உங்ககிட்டதானே சொல்றேன், ஜெனிட்டா. புள்ளம்பாடி. திருச்சியில நர்சிங் படிச்சுக்கிட்டு இருந்துச்சு, ரெண்டாம் வருஷமோ மூணாம் வருஷமோ. அப்பா கிடையாது. அம்மா லால்குடியில, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு பியூட்டி பார்லர் வச்சிருக்காங்க, மாடியில, யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க. படத்தைப் போட்டது நிச்சயம் பண்ணியிருந்த பையனாம். கல்யாணம் நின்னு போச்சுன்னு கோபத்துல போட்டுட்டான். இதையெல்லாம் அந்தம்மாவே அப்புறமா சொன்னாங்க. எனக்குப் பொன்னாடையெல்லாம் போத்தி முடிச்சு நான் கார்கிட்ட வர்றேன், அங்க நிக்கிறாங்க, கையில அந்த ஒத்தைச் செருப்பு. யூடியூப்ல என் பேச்சைக் கேட்டாங்களாம். மாசக்கணக்கா ரூமை விட்டு வெளிய வராத பொண்ணுகிட்ட, ‘அடைக்கலம்னு வந்தா கைவிட மாட்டோம்னு சொல்றார்டி, பெரிய மனுஷன், ஒரு தடவை நேர்ல போய்க் கேட்போம்’னு சொல்லிக் கிளப்பிக் கூட்டிட்டு வந்தாங்களாம். எனக்குப் பெருமையாவும் இருந்துச்சு, சங்கடமாவும் இருந்துச்சு.

ஒண்ணும் செய்யாம வந்துட்டேன்னு நினைக்காதீங்க. கார்ல நம்ம மன்றத்துப் புத்தகம் இருந்துச்சு, ‘செல்போனில் அந்தரங்கம் காப்பது எப்படி’ன்னு. கலர்ல அச்சடிச்சது. அதை எடுத்துக் குடுத்தேன். ‘தம்பிகிட்ட சொல்லிப் பார்க்குறேம்மா’ன்னும் சொன்னேன். சொன்னேன் சார், மறக்கல. நிரஞ்சன் தம்பி பொறுமையா கேட்டுக்கிட்டார். ‘சார், ஒண்ணை எடுத்தா எல்லாத்தையும் எடுக்கணும். இன்னிக்கு இந்தம்மா கேட்பாங்க, நாளைக்கு மந்திரி கேட்பார். அப்புறம் உங்க அடைக்கலத்துக்கு என்ன சார் அர்த்தம்?’னார். என் சொல்லையே எனக்குத் திருப்பிச் சொல்றார். மறுத்துப் பேச முடியுமா? நியாயம்தானே?

அதுக்குள்ள இங்க என் மானம் கப்பல் ஏறிடுச்சு. அந்தப் படம் பிடிச்ச பையன் அதை வெட்டி ஒட்டிப் போட்டுட்டான். நான் கேட்குறேன், அந்தப் பொண்ணு ஓடுது, அது வரைக்கும்தான். அதுக்கு முன்னாடி நான் எவ்வளவு நல்ல விஷயம் பேசினேன், ஒண்ணும் இல்ல. கீழ வந்து எழுதுறாங்க பாருங்க, படிக்க முடியாது சார். என் அம்மாவை இழுக்குறான். என் பொண்ணு படத்தைத் தேடிப் போடுறான். என் பொண்ணு என்ன சார் பாவம் பண்ணுச்சு, மாசமா இருக்கு, அது போனை அணைச்சு வச்சுட்டு அழுவுது. என் வீட்ல சாப்பாட்டை வச்சுட்டுப் பேசாமப் போறா. ஒத்துக்கிட்ட பட்டிமன்றக்காரனெல்லாம் ‘ஐயா, இந்தத் தடவை வேற ஆளை வச்சுக்குறோம்’னு சொல்லிட்டான். ரோட்ல நடந்தா எல்லாரும் என்னையே பாக்குற மாதிரி இருக்கும். ஒரு மனுஷனோட படம் அவனுக்குப் பிடிக்காம ஊரெல்லாம் சுத்துறது எவ்வளவு பெரிய கொடுமைன்னு பட்டவனுக்குத்தான் சார் தெரியும். தூக்கமே இல்ல. செத்துடலாமான்னுகூட இருந்துச்சு.

எல்லா இடத்துலயும் எழுதிப் போட்டு எடுக்க வச்சேன். ஒரு இடத்துல மட்டும் எடுக்க முடியல. எங்கன்னு பார்த்தா, நம்ம தீவு. அங்க வச்சிருக்குற ஏதோ ஒரு தளத்துல எவனோ ஏத்தி வச்சிருக்கான். நான் நிரஞ்சன் தம்பி முன்னாடி போய் நின்னு அழுதுட்டேன். வெட்கம் பார்க்கல. அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘சார், நீங்க நம்ம ஆளு. இதுக்குப் போய் அழுவீங்களா?’ன்னு சொல்லிட்டு ஒரே ஒரு போன் போட்டார். நான் அங்கேயே உக்காந்து காபி குடிச்சுக்கிட்டு இருக்கேன், காபி ஆறல சார், எடுத்துட்டாங்க! தேடிப் பாருங்கன்னார். தேடினேன், இல்ல. தொடச்சுப் போட்ட மாதிரி. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அடைக்கலம் அடைக்கலம்னு ஊர் ஊரா சொன்னேனே, அன்னிக்குத்தான் சார் அது என்னன்னு நானே அனுபவிச்சேன்.

அந்த வாரமே, குருத்தோலை ஞாயிறுக்கு முன்னாடி, அந்தப் பொண்ணு போயிடுச்சு. ஆமா. ஜெனிட்டாதான். எப்படின்னு கேட்காதீங்க. அம்மா பார்லருக்குப் போயிருந்த நேரம்.

என்ன சார், தண்ணி வேணுமா? இந்தாங்க, என்கிட்ட இருக்கு. வேணாமா? சரி.

எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அதைவிட நிரஞ்சன் தம்பிக்குத்தான் ரொம்ப வருத்தம். உடனே கூட்டம் போட்டார். ‘சார், இந்தப் பொண்ணோட சாவு வீணாப் போகக் கூடாது. அந்தரங்கம் பறிபோனா ஒரு உயிரே போகும்னு இதைவிடத் தெளிவா யாருக்குச் சொல்ல முடியும்? அந்தப் படம் சாதாரண போன்ல இல்லாம, ஆரம்பத்துலயே நம்ம பாதுகாப்புல, பூட்டு போட்டு இருந்திருந்தா அந்தப் பையன் கையில சிக்கியிருக்குமா?’ன்னார். எனக்கு அது தோணவே இல்ல பாருங்க. நாளைக்குத் திருச்சியில நினைவுக் கூட்டம். மண்டபம் பிடிச்சாச்சு. ‘ஜெனிட்டா நினைவு அந்தரங்க உரிமை மாநாடு.’ நான்தான் பேசுறேன். இனிமே அந்தப் பத்திரிகைக்காரப் பொண்ணெல்லாம் வேணாம், ஒரு நிஜ முகம் கிடைச்சிருக்குன்னு தம்பி சொன்னார். பேனர்லயும் முகம் வரணும்னார். அதுக்கு நல்ல ஃபோட்டோ ஒண்ணு வேணும். ‘அந்தம்மாகிட்ட நீங்கதான் சார் கேட்கணும், உங்களைத்தான் அவங்களுக்குத் தெரியும்’னு என் தலையில கட்டிட்டாங்க.

நேத்துக் காலையில போன் போட்டேன். இழவு வீடு, எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியும் சார், எத்தனை இரங்கல் கூட்டம் பேசியிருக்கேன். மெதுவா ஆரம்பிச்சு, மனசைத் தேத்திக்கோங்கம்மான்னேன். அவங்க ரொம்பச் சின்னக் குரல்ல, ‘சார், இப்பவாவது எடுப்பாங்களா?’ன்னு கேட்டாங்க. எனக்கு முதல்ல புரியல. என்னம்மா எடுக்கணும்னு கேட்டேன். ‘அந்தப் படம் சார். பிள்ளைதான் போயிடுச்சே. இப்பவாவது அதை எடுத்துடுவாங்களா? நேத்துக்கூட எவனோ பார்த்துட்டு எனக்கே அனுப்புறான்.’

நான் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லல. தெளிவா எடுத்துச் சொன்னேன். ‘அம்மா, நான் தம்பிகிட்ட கேட்டுட்டுத்தான் பேசுறேன். தீவோட விதி என்னன்னா, ஒரு படத்தை எடுக்கணும்னா அதுல இருக்குறவங்களே நேரடியாக் கேட்கணும். இறந்து போனவங்களுக்கு அந்தரங்கம்னு தனியா ஒண்ணு கிடையாதுன்னு வச்சிருக்காங்க. எங்க கையில இல்லம்மா’ன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன் சார். லைன் கட்டாயிடுச்சோன்னு ஹலோ ஹலோன்னேன். இருந்தாங்க.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுடுவோம்னு, ‘அம்மா, நாளைக்கழிச்சு பாப்பா பேர்ல பெரிய கூட்டம் வச்சிருக்கோம், நீங்க மேடைக்கு வரணும், உங்களுக்குப் பொன்னாடை போத்துறோம். பேனருக்குப் பாப்பாவோட நல்ல படம் ஒண்ணு மட்டும் குடுத்தீங்கன்னா போதும்’னேன்.

அதுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா சார்? கத்தல, அழல. ‘படம்தானே சார் வேணும்? உங்க தீவுலயேதான் இருக்கே, அங்கேருந்து எடுத்துக்கங்க’ன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க.

நீங்களே சொல்லுங்க சார். பெத்த தாய் பேசுற பேச்சா இது?